ஹாலோவீன் அழைப்பிதழ்: பகலில் எடுத்த கோட்டைப் படத்தை இரவாக்கி, அச்சில் கருகாமல் எடுப்பது

கேள்வி இதுதான். காட்பாடியில் ஓர் அடுக்ககம். 2026 அக்டோபர் 31, சனிக்கிழமை மாலை, மொட்டைமாடியில் பிள்ளைகளுக்கு ஹாலோவீன் விருந்து. வேலூர்க் கோட்டை அகழியைப் பகலில் போனில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதை போட்டோஷாப்பில் இரவுக் காட்சியாக்கி, தமிழில் எழுதி, வாட்ஸ்அப்பில் அனுப்பவும் வேண்டும், 60 பிரதி அச்சடிக்கவும் வேண்டும். போன வருஷம் செய்தது போனில் அழகாக இருந்தது. அச்சில் கரிக்கட்டையாக வந்தது, தமிழ் எழுத்தும் உடைந்துபோனது.

கருகியதில் பிரின்ட் கடையின் தப்பு குறைவாகத்தான் இருக்கும். போன் திரை தானே ஒளி விடுகிறது. அடர் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே இருக்கும் சின்ன வித்தியாசம்கூட அதில் தெரியும். காகிதம் தன்மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பிக் கொடுக்கும். மையும் காகிதத்தில் கொஞ்சம் பரவும், அதனால் நடுத்தர அடர்த்திகள் எல்லாம் ஒரு படி இருட்டாகும். பகலாக இருந்தால் இதை யாரும் கவனிக்கமாட்டார்கள். இரவுக் காட்சியில் படம் முழுக்க அந்த ஆபத்தான பகுதியிலேயே இருக்கிறது. ஆகவே ஒரு மூல ஃபைல், அதிலிருந்து போனுக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையே இரண்டுக்கும் கொடுத்தால் போன வருஷக் கதைதான் மறுபடியும் நடக்கும்.

மூல ஃபைலை அச்சு அளவில் திறங்கள். பெரியதைச் சுருக்கினால் கெடாது, சின்னதை இழுத்தால் மங்கும். ஏ5 தாள் 148 × 210 மி.மீ. நான்கு பக்கமும் வெட்டுக்காக 3 மி.மீ பிளீட் (வெட்டியபின் போய்விடும் கூடுதல் ஓரம்) சேர்த்தால் 154 × 216 மி.மீ, 300 பிபிஐ-யில் (ஒரு இஞ்சுக்கு 300 பிக்சல்) 1819 × 2551 பிக்சல். கட்டாக அடுக்கி வெட்டும்போது தாள் ஒன்றிரண்டு மி.மீ நகரும். அதனால் படம் பிளீட் வரை போகட்டும், எழுத்து மட்டும் வெட்டுக் கோட்டிலிருந்து 5 மி.மீ உள்ளே நிற்கட்டும். ஓரத்தை ஒட்டி மெல்லிய பார்டர் போடவே வேண்டாம். ஒரு மி.மீ சாய்ந்தாலும் ஒருபக்கம் தடியாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் தெரிந்து, மொத்த வேலையும் அவசரத்தில் செய்தது போல் ஆகிவிடும்.

நிற முறை திரைக்கான ஆர்ஜிபி-யாகவே (சிவப்பு, பச்சை, நீலம்) இருக்கட்டும். அச்சு மைக்கான சிஎம்ஒய்கே முறைக்கு (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) கடைசியில் மாறினால் போதும், ஏனென்றால் அங்கே பல ஃபில்டர்கள் வேலை செய்யாது, ஒளி சேர்க்கும் பிளெண்டிங் மோடுகளும் (மேல் லேயர் கீழ் லேயரோடு கலக்கும் முறைகள்) வேறு மாதிரி நடந்துகொள்ளும். அச்சில் எப்படி வரும் என்று இடையிடையே பார்க்க கன்ட்ரோலும் ஒய்-யும் அழுத்தினால் போதும்.

படத்தின் ஒரிஜினலை வைத்து வேலை செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். 2551 பிக்சல் தேவைப்படும் இடத்தில் அது நிற்காது. எடுத்தவரிடமிருந்து டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

எந்தப் படம் இரவாகும், எது ஆகாது

உச்சி வெயிலில் எடுத்த படத்தை இருட்டாக்கினால், இருட்டில் வெயில் அடிப்பது போல் இருக்கும். மதில் கற்களுக்கு அடியில் விழும் கூர்மையான நிழல்தான் காட்டிக்கொடுக்கும். மேகம் மூடிய நாளில் எடுத்த படம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதைவிட நல்லது, சூரியன் இறங்கி 15, 20 நிமிஷம் கழித்து அகழிக்கு வெளியே சாலைப் பக்கம் நின்று எடுப்பது. நிழலே இருக்காது, வானமும் ஏற்கெனவே நீலமாக இருக்கும். கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் டிரைபாட் வைக்க அனுமதி கேட்கவேண்டிவரும். கைப்பிடிச் சுவரில் போனைச் சாய்த்து எடுத்தால் இந்த வேலைக்குப் போதும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது, மசூதியும் தேவாலயமும் இருக்கின்றன. சில கோணங்களில் மதிலுக்கு மேலே கோபுரம் தெரியும். அது தெரியாத கோணமாகப் பாருங்கள், தெரிந்தால் வெட்டிவிடுங்கள். பூஜை நடக்கும் கோயிலின் மேல் வௌவாலும் பேயும் பறப்பதைப் பார்த்து மனம் வருந்துகிறவர்கள் உங்கள் அடுக்ககத்திலேயே இருப்பார்கள். அதேபோல் 1806 ஜூலை 10-ல் சிப்பாய்ப் புரட்சி நடந்து, இருதரப்பிலும் ஏராளமானவர்கள் உயிரிழந்த மண் இது. 'கோட்டையில் செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள்' என்ற மாதிரி வாசகம் வேண்டாம். மதில், அகழி, தூரத்து மலை போதும். வேலூரைப் பற்றிச் சொல்லும் பழமொழியில் வருகிற அந்த மரமில்லா மலை, இரவுக் காட்சிக்குக் கிடைத்த வரம். பாறை உருண்டைகளோடு அதன் விளிம்பு கறுப்பாக நின்றாலே காட்சிக்கு ஆழம் வந்துவிடும்.

மயானக் கொள்ளைப் படங்களையும் தொடாதீர்கள். மாசி அமாவாசையில் பாலாற்றங்கரையில் வேஷம் கட்டி வருகிறவர்களின் படங்கள் ஹாலோவீனுக்குப் பொருந்துவது போல் தோன்றும். அது அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்டு செய்கிற வழிபாடு. கல்லறைப் படமும் வேண்டாம். நவம்பர் 2 கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றப்போகிற குடும்பத்துக்கு அந்தப் படம் போகக்கூடாது.

பகலை இரவாக்குதல்

படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (ஃபில்டரைப் பிறகும் திருத்தக்கூடிய லேயராக) மாற்றிக்கொண்டு கேமரா ரா ஃபில்டரைத் திறங்கள். எக்ஸ்போஷர் -1.2 அளவுக்கு, ஹைலைட்ஸ் -80, சாச்சுரேஷன் -30, டெம்பரேச்சர் நீலத்தின் பக்கம். இருட்டில் கண்ணுக்கு நிறம் குறைவாகத் தெரியும், அதனால்தான் சாச்சுரேஷனை இறக்குகிறோம். அதை விட்டுவிட்டு வெறும் வெளிச்சத்தை மட்டும் இறக்கினால் அண்டர் எக்ஸ்போஸ் ஆன பகல் படம்தான் கிடைக்கும். கலர் லுக்அப்பில் 'நைட் ஃப்ரம் டே' என்று ஒரு தயார் வசதி இருக்கிறது. அதை அப்படியே போட்டால் எல்லாமே நீலச் சாயத்தில் முக்கியது போல் ஆகும். 40 சதவீத ஒப்பாசிட்டியில் போட்டால் நன்றாகவே உதவும்.

அடுத்து வானம். செலக்ட் மெனுவில் ஸ்கை என்று கொடுத்தால் மதிலையும் மலையையும் ஒழுங்காகப் பிரித்துவிடும். சிக்கல் பனை, தென்னை ஓலையில்தான். ஓலைக் கீற்றுகளுக்கு நடுவே வெள்ளை வானம் ஒட்டிக்கொண்டு, கறுப்பு வானத்தின் முன்னால் மரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தது போல் நிற்கும். 'வெட்டி ஒட்டினது' என்று பார்த்தவுடன் சொல்லவைப்பது இந்த விளிம்புதான், இதில் நேரம் செலவழிப்பது வீண் போகாது.

இதற்கு நீலச் சேனல் வழி நல்லது. சேனல்ஸ் பேனலுக்குப் போய் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். நீலத்தில் வானம் கிட்டத்தட்ட வெள்ளையாகவும் ஓலை கிட்டத்தட்டக் கறுப்பாகவும் இருக்கும். அதை டூப்ளிகேட் செய்து, லெவல்ஸைத் திறந்து, கறுப்பு முள்ளை 60-ஐ ஒட்டி உள்ளே தள்ளுங்கள், வெள்ளை முள்ளை 180-ஐ ஒட்டி இழுங்கள். இந்த எண்கள் படத்துக்குப் படம் மாறும். ஓலைக்குள் சாம்பல் மறையும்போது நிறுத்தவேண்டும், கீற்று நுனி காணாமல் போவதற்கு முன்னால் நிறுத்தவேண்டும். மதிலில் மிச்சமிருக்கும் வெள்ளைத் திட்டுகளைக் கறுப்பு பிரஷால் மூடிவிடுங்கள். கன்ட்ரோல் அழுத்திக்கொண்டு அந்தச் சேனலின் சின்னப் படத்தைக் கிளிக் செய்தால் வானம் தேர்வாகும். தேர்வைத் தலைகீழாக்கி, படத்தின் லேயருக்கு, அதன் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் மாஸ்க்காகப் போடுங்கள். இன்னும் மெல்லிய வெள்ளை இழை தெரிந்தால், மாஸ்க்கின் மேல் மினிமம் ஃபில்டரை 1 பிக்சல் கொடுங்கள். விளிம்பு ஒரு இழை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

கீழ் லேயரில் கிரேடியன்ட் வானம். உச்சியில் சிவப்பு 12, பச்சை 14, நீலம் 34. அடிவானத்தில் 58, 44, 84. அடிவானம் உச்சியைவிட வெளிச்சமாக இருக்கட்டும், அப்போதுதான் மலை விளிம்பு பிரிந்து தெரியும். இப்படி இருட்டான கிரேடியன்ட்டில் படிப்படியாகப் பட்டைகள் தெரியும், வாட்ஸ்அப் சுருக்கும்போது அவை இன்னும் மோசமாகும். மேலே ஒரு லேயர் வைத்து 1.5 சதவீதம் நாய்ஸ் சேர்த்தால் பட்டை கலைந்துவிடும்.

நிலாவை எங்கே வைப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யமுடியாது, படம்தான் முடிவு செய்யும். மதிலின் எந்த முகம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கத்து வானத்தில்தான் நிலா இருக்கவேண்டும். மதிலுக்குப் பின்னால்தான் நிலா வேண்டும் என்றால், மதிலின் முன்முகத்தை கர்வ்ஸ் (வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் வசதி) போட்டு நன்றாக இறக்கி, மேல் விளிம்பில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம் விடுங்கள். பின்னால் நிலா, முன்முகத்திலும் வெளிச்சம் என்று இரண்டும் சேர்ந்தால் ஏதோ சரியில்லை என்று பிள்ளைகளுக்குக்கூடத் தோன்றும்.

நிலாப் படத்தை ஸ்க்ரீன் மோடில் வைத்தால் அதைச் சுற்றியிருக்கும் கறுப்பு தானாக மறையும். நிறம் தூய வெள்ளையாக வேண்டாம். 255, 236, 190 மாதிரி இளமஞ்சள் இருந்தால் அச்சில் உயிரோடு இருக்கும். ஒளிவட்டத்துக்கு நிலாவின் நகல் ஒன்றைக் கீழே வைத்து காஸியன் பிளர் 60 பிக்சல், ஒப்பாசிட்டி 50. இன்னொரு நகல் 200 பிக்சல், ஒப்பாசிட்டி 25. இரண்டு அடுக்காக இருந்தால்தான் ஒளி மெல்லக் கரைவது போல் இருக்கும்.

இப்போது அகழித் தண்ணீர். வானத்தை மாற்றிவிட்டுத் தண்ணீரை மறந்துவிடுவது அடிக்கடி நடப்பது. மேலே நடுராத்திரி, கீழே தண்ணீரில் பகல் வானம் வெள்ளையாகப் பளபளக்கும். தண்ணீருக்கு மேலே உள்ளதை எல்லாம் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஈ நான்கையும் சேர்த்து அழுத்தி ஒரே லேயராக எடுத்து, தலைகீழாகத் திருப்பி, மதிலின் அடிக்கோட்டில் பொருத்துங்கள். மோஷன் பிளர் கோணம் 90, தூரம் 30 பிக்சல். பிறகு ரிப்பிள் ஃபில்டர் லேசாக. ஒப்பாசிட்டி 60. ஒரிஜினல் தண்ணீரின் அலையும் பாசியும் அடியிலிருந்து கொஞ்சம் தெரியவேண்டும், ஆனால் அதையும் முதலில் கர்வ்ஸில் இறக்கியிருக்கவேண்டும். தண்ணீரில் தெரியும் நிலா, மேலே உள்ள நிலாவுக்கு நேர் கீழே இருக்கவேண்டும், ஒரு விரற்கடை இடம் வலம் போனாலும் தப்பு. வட்டமாகவும் இருக்கக்கூடாது. அலை இருக்கும் தண்ணீரில் நிலா நீளவாக்கில் உடைந்த கோடுகளாகத்தான் தெரியும். மெல்லிய பிரஷால் குறுக்கே பத்துப் பன்னிரண்டு கறுப்புக் கோடுகளை மாஸ்க்கில் இழுத்தால் அந்த உடைசல் வந்துவிடும்.

பரங்கிக்காய் விளக்கு

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் பரங்கிக்காயைவிட, மார்க்கெட்டில் வாங்கி வந்த நம்மூர்ப் பரங்கிக்காயைப் படமெடுத்துச் செய்தால் அழைப்பிதழ் நம் ஊருடையதாக இருக்கும். நம்முடையது சப்பையாக, வரிவரியாக, பச்சை கலந்த பழுப்பு மஞ்சளாக இருக்கும். ஹியூ சாச்சுரேஷனில் மஞ்சளை மட்டும் தேர்ந்தெடுத்து ஹியூவை -12 பக்கம் நகர்த்தினால் ஆரஞ்சுக்கு வந்துவிடும். வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டும் வெள்ளைப் பூசணியில் வரைகிற உருட்டு விழியும் கோரைப் பல்லும் முறுக்கு மீசையும் இருக்கிறதே, அந்த முகத்தை இதில் செதுக்கிப் பாருங்கள். முக்கோணக் கண் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது புதுசாக இருக்கும், பாட்டிகளுக்கும் அடையாளம் தெரியும்.

இந்த விளக்குக்கு ஆங்கிலத்தில் ஜாக்-ஓ-லான்டர்ன் என்று பெயர். சதுப்பு நிலத்தில் ராத்திரி மினுக்கிட்டு வழிதவறச் செய்யும் வெளிச்சத்துக்கும் இதே பெயர்தான். நாம் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்வது அதைத்தான். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள் அங்கே கிடைத்த பரங்கிக்குக் கத்தியை மாற்றினார்கள். அழைப்பிதழில் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் 'கொள்ளிவாய்ப் பிசாசு வருது' என்பதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

செதுக்கல் நிஜமாகத் தெரிய வேண்டுமானால் தடிமன் காட்டவேண்டும். பென் டூலால் கண்ணையும் வாயையும் ஷேப்பாக வரையுங்கள். அதன் நகலைக் கீழே வைத்து, வெளிர் மஞ்சளாக்கி, 12 பிக்சல் மேலேயும் 8 பிக்சல் பக்கவாட்டிலும் நகர்த்துங்கள். இதுதான் வெட்டிய சதையின் விளிம்பு. இதை விட்டால் காயின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினது போல்தான் இருக்கும். உள்ளே ரேடியல் கிரேடியன்ட், நடுவில் 255, 240, 150, ஓரத்தில் 230, 100, 10. வெளிச்சம் உள்ளே அடங்கி நிற்காது. பரங்கிக்காய்க்கு முன்னால் தரையிலும், பக்கத்தில் உள்ள கல்லிலும் ஆரஞ்சு நிறத்தை மென்மையான பெரிய பிரஷால், லீனியர் டாட்ஜ் மோடில், 15 சதவீத ஃப்ளோவில் தடவுங்கள்.

வௌவால்கள் ஐந்தாறு போதும். எல்லாம் ஒரே வடிவத்தில் ஒரே அளவில் இருந்தால் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியது போல் ஆகும். அருகில் ஒன்று பெரிதாகவும் லேசாக மங்கலாகவும், மற்றவை தூரத்தில் சின்னதாக. முனீஸ்வரன், காளி போன்ற உருவங்கள் 'பயங்கரமாக' இருக்கின்றன என்று எடுத்துப் போடவேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

தமிழ் எழுத்து ஏன் உடைந்தது

'கொ' என்று அடித்தால் கொம்பு, ககரம், கால் மூன்றும் இடம் மாறி நிற்பது போட்டோஷாப்பின் எழுத்து அமைப்பால் வருவது. எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் டைப், அங்கே வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய வெர்ஷன்களில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்று இருக்கும். மென்பொருளை மூடித் திறக்கவேண்டும். ஏற்கெனவே அடித்த வரிகள் தானாகச் சரியாகாது. அந்த லேயரைத் தேர்ந்தெடுத்து பேராகிராஃப் பேனலின் மெனுவிலும் வேர்ல்ட்-ரெடி என்று மாற்றவேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டுத்தான் பலரும் 'செட்டிங் வேலை செய்யவில்லை' என்கிறார்கள். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை, யூனிகோடு தமிழ் நேரடியாகச் சரியாக வரும்.

எழுத்துருவுக்குக் காசு செலவழிக்கவேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் பாலூ தம்பி, காயினி, கவிவாணர், அரிமா, கேட்டமரான், முக்தா மலர் எல்லாம் இலவசம், அச்சுக்கும் தடையில்லை. தலைப்புக்குப் பாலூ தம்பி போலத் தடித்தது, விவரங்களுக்கு முக்தா மலர். இரண்டுக்கு மேல் வேண்டாம்.

தலைப்பில் ரத்தம் சொட்டுவது, எழுத்து அரிப்பது போன்ற வேலைகள் ஆங்கில எழுத்துக்குச் சரி. தமிழில் கவனம் வேண்டும். காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் அடியில் இறங்கும் அந்தச் சின்ன வால் மட்டும்தான். 'வாங்க' என்பதில் காலின் அடியில் ஒரு சொட்டு தொங்கவிட்டால் 'வரங்க' என்று படிப்பார்கள். ஆகவே சொட்டுகளை மகரம், ககரம் போன்ற எழுத்துகளின் அடியில் மட்டும் வையுங்கள். அதேபோல் அரிப்பு பிரஷ் புள்ளியைத் தின்றுவிட்டால் 'பேய்' என்பது 'பேய' ஆகிவிடும். எழுத்தை அரித்து முடித்தபிறகு புள்ளிகளை மட்டும் தனி லேயரில் வட்டமாகத் திரும்ப வையுங்கள். எழுத்துகளுக்கு நடுவே டிராக்கிங் கூட்டாதீர்கள், கொம்பும் காலும் தன் எழுத்தை விட்டு விலகும். வரி இடைவெளி எழுத்தளவில் 140 சதவீதம் வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் 'கூ', 'ழு' கீழ்வரியின் 'கி', 'வீ' மேல் மோதும்.

'வௌவால்' என்ற சொல்லையே பாருங்கள். முதலில் வரும் 'வௌ', ஔகாரக் குறியோடு சேர்ந்த ஒற்றை எழுத்து. பலர் 'வெ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்துவிடுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வரி மடங்கும் இடத்தில் வந்தால்தான் 'வெ' ஒரு வரியிலும் 'ளவால்' அடுத்த வரியிலும் போய் நிற்கும்.

கடைக்கு டைப் லேயரை அப்படியே அனுப்பாதீர்கள். நம் பக்கத்துக் கடைகள் பலவற்றில் இன்னும் பழைய குறியீட்டு எழுத்துருக்கள்தான், உங்கள் யூனிகோடு வரிகள் அங்கே திறந்தால் கட்டம் கட்டமாக வரலாம். பிழை பார்த்து முடித்தபின் ஒவ்வொரு டைப் லேயரையும் கன்வர்ட் டு ஷேப் கொடுங்கள். அதற்கு முன் ஒரு நகலைச் சேமித்துவிடுங்கள், ஷேப் ஆனபின் நேரத்தைத் திருத்தமுடியாது.

வாசகம் குறைவாக இருக்கட்டும். இவ்வளவு போதும்: 'கொள்ளிவாய்ப் பிசாசு வருது! 31 அக்டோபர் 2026, சனி, மாலை 6.30 முதல் 9 வரை. மொட்டைமாடி. மழை வந்தால் கீழ் ஹால். வேஷம் போட்டுக்கிட்டு வாங்க.' மழை வரியை விடாதீர்கள், வடகிழக்குப் பருவமழைக் காலம் அது. முடியும் நேரமும் வேண்டும், பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்களுக்கு அதுதான் முக்கியம். ஏ5-ல் தலைப்பு 42 பாயின்ட், தேதியும் நேரமும் 17, மற்றவை 11-க்குக் கீழே போகவேண்டாம்.

அச்சுக்கு

மூல ஃபைலின் நகலில், படத்துக்குரிய லேயர்களை எல்லாம் ஒன்றாக மெர்ஜ் செய்யுங்கள். எழுத்து ஷேப்கள் தனியாகவே இருக்கட்டும். மெர்ஜ் ஆன படத்தின் மேல் கர்வ்ஸ் போட்டு, நடுவில் 128-ஐ 148-க்குத் தூக்குங்கள். மலை விளிம்பு, மதில் கற்கள் என்று எதெல்லாம் தெரியவேண்டுமோ அதெல்லாம் இன்ஃபோ பேனலில் 35-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். திரையில் வெளிறிப்போனது போல் தோன்றும், அச்சில் சரியாக வரும். கர்வ்ஸையும் மெர்ஜ் செய்துவிட்டு, சிஎம்ஒய்கே-வுக்கு மாற்றும்போது ஃபிளாட்டன் (எல்லா லேயரையும் ஒன்றாக்குவது) செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபிளாட்டன் ஆனால் எழுத்தும் பிக்சலாகி விளிம்பு மங்கும். சில டிஜிட்டல் கடைகள் மெஷினே மாற்றிக்கொள்ளும் என்று ஆர்ஜிபி-யைத்தான் கேட்கும், அதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

ஆரஞ்சு சற்று மங்கும், அது தவிர்க்கமுடியாதது. சயான் 0, மெஜந்தா 65, மஞ்சள் 100, கறுப்பு 0 என்று கையால் கொடுத்தால் கிடைப்பதில் நல்லது கிடைக்கும். சயான் 5 சதவீதம் கலந்தாலே அழுக்காகும். ஊதா வானம் நீலமாகத் திரும்பினால் மெஜந்தாவைக் கொஞ்சம் கூட்டுங்கள். பெரிய கறுப்புப் பரப்புக்கு 60, 40, 40, 100 போதும், மொத்தம் 240. ஆர்ஜிபி கறுப்பு தானாக மாறினால் வழக்கமாக 75, 68, 67, 90 என்று 300-க்குப் போய் நிற்கும், டோனர் கனத்துவிடும். ஆரஞ்சுப் பரப்பின் மேல் கறுப்பு எழுத்து இருந்தால் அதற்கு வெறும் கறுப்பு 100. நான்கு மையில் பொடி எழுத்து அடித்தால் இம்மியளவு விலகலிலும் நிழல் விழுந்தது போல் தெரியும். இருட்டின் மேல் வெள்ளை எழுத்து என்றால் தடித்த எழுத்தாக வையுங்கள், ஒல்லி எழுத்தைச் சுற்றியுள்ள மை விழுங்கிவிடும்.

13 × 19 இஞ்ச் தாளில் பிளீட்டோடு நான்கு ஏ5 நிற்கும், 60 பிரதிக்கு 15 தாள். 16 தாளாகச் சொல்லி, முதல் தாளை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மிச்சத்தை ஓட்டச் சொல்லுங்கள். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன். லேமினேஷன் இல்லாத கறுப்பில் கைரேகை அப்படியே பதியும். மடிப்பு அட்டை வேண்டாம், இருட்டுப் பகுதியில் மடித்தால் டோனர் வெடித்து வெள்ளைக் கோடு விழும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கடைகளில் வேலை குவிந்திருக்கும், அக்டோபர் 20-க்குள் கொடுத்துவிடுவது நல்லது.

வழிக்காக கியூஆர் போடுவதானால் 20 மி.மீ-க்குக் குறையாமல், வெள்ளைக் கட்டத்தின் மேல் கறுப்பில், சுற்றிலும் வெற்றிடம் விட்டுப் போடுங்கள். இருட்டின் மேல் வெள்ளையாகப் போட்ட கியூஆரைச் சில போன்கள் படிக்காது.

போனுக்கு

மூல ஃபைலின் இன்னொரு நகலை 1080 × 1350-க்கு வெட்டுங்கள். ஸ்டேட்டஸுக்குத் தனியாக 1080 × 1920, அதில் மேலும் கீழும் 250 பிக்சல் பெயரும் பதில் பெட்டியும் மூடும் இடம், எழுத்து வைக்காதீர்கள். மிகச் சின்ன எழுத்தும் 36 பிக்சலுக்குக் குறையவேண்டாம். எஸ்ஆர்ஜிபி-யில், ஜேபெக்காக, தரம் 80. குரூப்பில் அனுப்பும்போது எச்டி-யைத் தேர்ந்தெடுங்கள். அனுப்புமுன் போனின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, மாடியில் வெயிலில் நின்று ஒருமுறை பாருங்கள். தேதியும் நேரமும் கண்ணைச் சுருக்காமல் படிக்கமுடிந்தால் அனுப்பலாம். முடியாவிட்டால் படத்தைத் தொடவேண்டாம், எழுத்துக்குப் பின்னால் மட்டும் 50 சதவீதக் கறுப்புப் பட்டை ஒன்றை மென்மையான விளிம்போடு போடுங்கள். போன் எண்ணைப் படத்தில் எழுதாமல் கீழே செய்தியாக அனுப்பினால், படம் எத்தனை குரூப்புக்குப் போனாலும் எண் கூடவே போகாது.